மைலுக்கு ஒரு மீட்டர் ஏற்றம், மழை பெய்தால் களிமண்: சி அண்ட் ஓ கால்வாய்க் கரைப்பாதை, கிராவல் பைக்கில் ஒரு மதிப்புரை

வாஷிங்டன் டி.சி.யின் ஜார்ஜ்டவுனில் தொடங்கி மேரிலாந்தின் கம்பர்லாண்டில் முடிகிறது சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஓஹையோ) கால்வாய். நீளம் 184.5 மைல், சுமார் 297 கி.மீ. இவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து மொத்த ஏற்றம் 605 அடி, அதாவது 184 மீட்டர். மைலுக்கு ஒரு மீட்டர். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "இதென்ன, பூங்காவில் சுற்றுவது மாதிரிதானே" என்று கிளம்புகிறவர்கள்தான் மூன்றாம் நாள் வழியிலுள்ள ஹான்காக் ஊரில் கியர் ஒடிந்து நிற்கிறார்கள். இந்தப் பாதையில் உங்களைச் சோதிப்பது மேடு அல்ல, ஈரம். காய்ந்திருக்கும்போது ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். இரண்டு நாள் மழைக்குப் பிறகு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வராது. வண்டியை எப்படித் தயார் செய்வது, எந்த மாதம் போவது, எந்த இடத்தில் பாதையை விட்டு விலகுவது எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் இது என்ன பாதை என்று பார்ப்போம். போட்டோமேக் ஆற்றை ஒட்டி வெட்டிய கால்வாய் இது. 1828 ஜூலை 4ஆம் தேதி வேலை தொடங்கி, 1850இல் கம்பர்லாண்டை எட்டியது. படகுகளைக் கோவேறு கழுதைகள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்துப் போயின. அந்தக் கழுதைகள் நடந்த கரையில்தான் இன்று நாம் சைக்கிள் ஓட்டுகிறோம். 1924 வெள்ளத்துக்குப் பிறகு படகுப் போக்குவரத்து நின்றுபோனது. 1950களில் இதன் மேல் கார் சாலை போடத் திட்டம் வந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் 1954இல் இதன் முழு நீளமும் நடந்து எதிர்ப்பைத் திரட்டினார். 1971இல் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. இன்று பராமரிப்பது அமெரிக்க தேசியப் பூங்காத் துறை. ஆகவே இது ஒரு பொதுச் சேவைக்கான மதிப்புரை. பாதைக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. கிரேட் ஃபால்ஸ் பகுதியின் வாயிலில் மட்டும்தான் கட்டணம்.

கரையின் அகலம் பெரும்பாலும் ஒரு ஜீப் போகிற அளவு. இரண்டு சக்கரத் தடம், நடுவே புல்வரிசை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பழைய கால்வாய்ப் பள்ளம், தலைக்கு மேலே சிகமோர், மேப்பிள் மரங்களின் கூரை. கால்வாயில் எல்லா இடத்திலும் தண்ணீர் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பல மைல்களுக்கு அது மரம் முளைத்த வறண்ட பள்ளம்தான்.

தரை ஏன் இப்படி

கம்பர்லாண்டில் இந்தப் பாதை முடிகிற இடத்திலேயே கிரேட் அலெகெனி பேசேஜ் என்ற இன்னொரு பாதை தொடங்கி, 150 மைல் ஓடி பிட்ஸ்பர்க்கில் முடிகிறது. இரண்டையும் சேர்த்தே ஓட்டுகிறவர்கள் அதிகம். ஆனால் இரண்டும் ஒரே ஜாதி இல்லை. பிட்ஸ்பர்க் பாதை பழைய ரயில் தடம். தண்டவாளத்துக்கு அடியில் போட்ட ஜல்லி இன்னும் உள்ளே இருக்கிறது. அதன் மேல் நசுக்கிய சுண்ணாம்புக்கல். மழை நின்ற சில மணி நேரத்தில் தண்ணீர் கீழே இறங்கிவிடும். கால்வாய்க் கரையோ தண்ணீரைத் தாங்கி நிறுத்துவதற்காகக் கட்டியது. கால்வாயின் அடியும் கரையும் தண்ணீர் கசியாதபடி களிமண்ணால் இறுக்கப்பட்டவை. தண்ணீரை வெளியே விடக் கூடாது என்று கட்டிய ஒன்றின் மேல் மழை பெய்தால் அது எங்கே வடியும்? அதோடு ஒவ்வொரு வெள்ளமும் ஆற்று வண்டலை மேலே பூசிவிட்டுப் போகிறது. 1972இல் ஆக்னஸ் சூறாவளி, 1996இல் ஜனவரியிலும் செப்டம்பரிலுமாக இரண்டு வெள்ளங்கள் இந்தக் கரையைப் பல இடங்களில் கிழித்துப் போட்டன. கோடையில் மரக்கூரை வெயிலை உள்ளே விடாது. நிழல் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அதே நிழல்தான் சேற்றை நான்கு நாள் காயவிடாமல் வைத்திருப்பதும்.

பூங்காத் துறை சும்மா இருக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் எட்வர்ட்ஸ் ஃபெர்ரிக்கும் ஷெப்பர்ட்ஸ்டவுனுக்கும் இடையே பல துண்டுகளில் கல்தூள் போட்டு, நடுவே உயர்த்தி, இறுக்கியிருக்கிறார்கள். அங்கே 28 மி.மீ. டயர்கூட ஓடும். 85ஆம் மைலில் தொடங்கும் பிக் ஸ்லாக்வாட்டர் பகுதியில் செங்குத்துப் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே கான்கிரீட் நடைபாதை 2012இல் மீண்டும் திறக்கப்பட்டது. முழுப் பாதையிலும் கண்ணுக்கு மிக அழகான மூன்று மைல் அதுதான். ஆனால் ஹான்காக்கைத் தாண்டி பாவ் பாவ், ஓல்ட்டவுன் வரை உள்ள மேற்குப் பகுதிதான் வண்டிக்கும் ஆளுக்கும் உண்மையான பரீட்சை. வேர், குழி, மழைக்குப் பிறகு வண்டி நீளத்துக்குத் தேங்கும் குட்டைகள்.

புறப்படுமுன் முந்தைய 72 மணி நேர மழையைப் பாருங்கள், வாஷிங்டன் மழையை அல்ல, ஹான்காக், கம்பர்லாண்டு மழையை. போட்டோமேக்கின் நீர்மட்டத்தை பாயின்ட் ஆஃப் ராக்ஸ், ஹான்காக், பாவ் பாவ் அளவுமானிகளில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை இணையத்தில் தருகிறது. மட்டம் ஏறிக்கொண்டே இருந்தால் கீழ்ப்பகுதிகளில் பாதை மூடப்படலாம். பூங்காவின் எச்சரிக்கைப் பக்கத்தில் மாற்றுவழி போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் போனால் பாதி நாள் நெடுஞ்சாலையில் கழியும்.

டயரும் இடைவெளியும்

கரைப்பாதைக்கு கிராவல் பைக், அதாவது மண்ணிலும் கல்தூளிலும் ஓட்டுவதற்கான அகல டயர் சைக்கிள், வேண்டுமா? கண்டிப்பில்லை. ஹைபிரிட், மவுன்டன் பைக், பழைய டூரிங் வண்டி எல்லாம் ஓடும். ஆனால் சரியான டயர் போட்ட கிராவல் பைக்தான் இங்கே பொருத்தம். நான்கு நாளும் ஒரே நிலையில் உட்கார்ந்து மிதிப்பதால், பிடியை மாற்றிக்கொள்ள வளைந்த ஹேண்டில்பார் உதவுகிறது. கியர் பற்றிக் கவலை வேண்டாம். முன்னால் 40 பல் ஒற்றைச் சக்கரமும் பின்னால் 11 முதல் 42 பல் வரையிலான பற்சக்கர அடுக்கும் (கேசட்) தேவைக்கும் அதிகம். பாதையில் உள்ள ஏற்றமெல்லாம் 74 லாக்குகளை ஒட்டித்தான். படகைத் தூக்கி இறக்கும் பூட்டுமதகைத்தான் லாக் என்கிறார்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 8 அடி தூக்கும். அந்த இடங்களில் பாதையும் ஒரு சின்னச் சரிவாக ஏறும். மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும்.

டயர் அகலம் 40 முதல் 45 மி.மீ. வரை. காய்ந்த பாதையில் 35 போதும், ஆனால் வேர்கள் உள்ளங்கையில் கணக்கு எழுதும். டயர் மேலுள்ள ரப்பர் முண்டுகளான பட்டன்களின் வடிவம் பற்றி ஒரு முரண் உண்டு. நெருக்கமான சின்னப் பட்டன்கள் உள்ள வேகமான கிராவல் டயர் உலர்ந்த கல்தூளில் அருமை. களிமண்ணில் பட்டன்களுக்கு இடையே சேறு அடைத்து அரை மைலில் மொட்டை டயர் ஆகிவிடும். ஓரப் பட்டன்கள் தள்ளித் தள்ளி இருக்கும் டயர் கொஞ்சம் உறுமினாலும் சேற்றை உதறிவிடும். செப்டம்பர், அக்டோபருக்கு முதல் வகை, வசந்த காலத்துக்கு இரண்டாவது.

டயர் அகலத்தைவிட முக்கியமானது சட்டத்துக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி. "45 வரை பிடிக்கும்" என்று விற்கிற ஃபிரேமில் 45 போட்டால் இருபக்கமும் 4 மி.மீ. மிஞ்சும். இந்தக் களிமண்ணுக்கு அது போதாது. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 6 எண் ஆலன் கீயை எடுத்து, பின்சக்கரத்தை ஒட்டி ஓடும் ஃபிரேம் குழாய்களான செயின்ஸ்டே பக்கமும் முன்னால் ஃபோர்க்கின் உச்சியிலும் டயரைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். உரசாமல் போனால் சரி. உரசினால் ஒரு அளவு குறைத்து 40 போடுங்கள். அகலத்தில் இழப்பதை இடைவெளியில் வாங்கிக்கொள்ளலாம்.

மட்கார்டு போடலாமா? இதில் அனுபவசாலிகளே இரண்டு கட்சி. முழு மட்கார்டு குட்டைத் தண்ணீரைத் தடுக்கும். ஆனால் சேறும் இலையும் அதன் உள்ளே அடைத்துக்கொண்டால் சக்கரமே சுற்றாது. போடுவதானால் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே குறைந்தது 15 மி.மீ. விடுங்கள். குச்சி சிக்கினால் தானே கழன்றுகொள்ளும் கிளிப் முன்பக்கக் கம்பிகளில் இருக்கட்டும். அது இல்லாமல் முன்சக்கரத்தில் குச்சி மாட்டினால் ஹேண்டிலுக்கு மேலே பறந்துதான் இறங்க வேண்டும். இந்த இரண்டும் முடியாது என்றால் சீட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எளிய பிளாஸ்டிக் தகடே மேல்.

காற்றழுத்தத்தில் பெரும்பாலானோர் அதிகமாகத்தான் அடிக்கிறார்கள். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 43 மி.மீ. ட்யூப்லெஸ் டயரில் முன்னால் 28–30 பிஎஸ்ஐ, பின்னால் 32–35 போதும். ட்யூப் உள்ளே இருந்தால் 5 பிஎஸ்ஐ கூட்டுங்கள், இல்லையென்றால் வேரில் இடித்து ரிம் ட்யூபைக் கடித்து இரட்டைத் துளை போடும். எடை 10 கிலோ ஏறினால் 2–3 பிஎஸ்ஐ கூட்டினால் சரி. மழைக்குப் பிறகு 3 குறைத்தால் பிடிப்பு கூடும். டயரின் பக்கச்சுவரிலும் ரிம்மிலும் அச்சிட்ட உச்ச அளவுகளில் எது குறைவோ அதைத் தாண்டாதீர்கள்.

ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் 43 மி.மீ. டயருக்கு 70 மி.லி. அளவில். கோடையில் இரண்டு மூன்று மாதத்தில் உள்ளே காய்ந்து தோலாகிவிடும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் வால்வு மையத்தைக் கழற்றி ஒரு கம்பி விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் புதிதாக ஊற்றுங்கள். காட்டுரோஜா முள் போன்ற சின்னத் துளைகளைச் சீலன்ட் தானே அடைக்கும். கூர்மையான கல்கிழிசலுக்கு ரப்பர் பிளக் திரி வேண்டும். இருந்தாலும் ஒரு ட்யூப் கையில் இருக்கட்டும்.

உண்மையில் எது உடைகிறது

பஞ்சர் அல்ல. குச்சி. மரத்தடிப் பாதை முழுக்க விரல் பருமனில் காய்ந்த கிளைகள் கிடக்கும். முன்சக்கரம் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழும்பிப் பின்சக்கரக் கம்பிகளுக்குள் போய், சுற்றிவந்து, கியர் மாற்றும் கருவியான பின் டெரெய்லரில் மாட்டும். இரண்டாவது காரணம் சேறும் புல்லும் கலந்த கலவை. அது டெரெய்லரின் சின்னப் பற்சக்கரங்களை அடைத்து நிறுத்திவிடும். அப்போதும் மிதித்துக்கொண்டே இருந்தால் செயின் டெரெய்லரைப் பின்னோக்கி இழுத்து மேலே மடக்கும். டெரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டான ஹேங்கர் பட்டென்று ஒடியும். சத்தம் வித்தியாசமாக வந்தாலோ, பெடல் திடீரென்று கனத்தாலோ உடனே மிதிப்பதை நிறுத்த வேண்டும். இந்தப் பாதையில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே வித்தை இதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம். ஹான்காக்கில் கரையை ஒட்டியே சைக்கிள் கடை இருக்கிறது, ஆனால் உங்கள் ஃபிரேமுக்கான ஹேங்கர் அங்கே இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. வீட்டிலிருந்தே ஒன்று வாங்கி, ஃபிரேமோடு டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் வேறு வழி உண்டு. செயின் கருவியால் செயினை வெட்டி, டெரெய்லரைக் கழற்றிவிட்டு, கேசட்டின் நடுப்பல்லில் செயின் நேராக ஓடுமாறு குறைத்து விரைவு இணைப்பால் மூட்டுங்கள். ஒற்றை கியர் வண்டியாகிவிடும். மலைப்பாதையில் இது தண்டனை. இங்கே மைலுக்கு ஒரு மீட்டர்தானே, ஊர் போய்ச் சேரலாம்.

சேறு ஒட்டத் தொடங்கினால் நடுவிலுள்ள புல்வரிசைக்கு ஏறுங்கள். புல்வேர் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதால் அங்கே தரை கெட்டி. குட்டையைச் சுற்றிப் போகக் கரையோரம் ஒதுங்குவது தப்பு: ஓரம் இளகி ஆற்றுப் பக்கம் சரியும், பாதையும் அகலமாகிச் சேதப்படும். வேகம் குறைத்து, நேராக, நடுவே விடுங்கள். திருப்பாதீர்கள், பிரேக் அழுத்தாதீர்கள்.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. தட்டைப் பாதையில் பிரேக்குக்கு வேலை குறைவு என்றாலும், வண்டல் கலந்த தண்ணீர் டிஸ்க்கில் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பாதி தேய்ந்த ரெசின் பேடோடு மழைக்காலத்தில் புறப்பட வேண்டாம். புது பேடு போட்டு, ஒரு மாற்று ஜோடியும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிர்வில் தளர்வது இன்னொரு தொல்லை. கேரியர், பாட்டில் கூடு, மட்கார்டு ஆகியவற்றின் எம்5 போல்ட்டுகளுக்கு நீல நிற இறுக்குப் பசை ஒரு சொட்டு விட்டால் போதும். மாலையில் கூடாரம் போட்டதும் கேரியரின் நான்கு போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மூன்று போல்ட்டில் ஓடும் கேரியர் நான்காம் நாளில் கால் ஒடியும்.

தட்டை என்பதன் விலை

ஏற்றமில்லை என்றால் இறக்கமும் இல்லை. இறக்கமில்லை என்றால் மிதிப்பதை நிறுத்த இடமில்லை. மலைப்பாதையில் இறங்கும்போது சீட்டிலிருந்து எழுந்து ரத்தம் ஓடவிடுவோம். இங்கே ஆறு மணி நேரமும் ஒரே எடை, ஒரே இடத்தில். அதனால்தான் இவ்வளவு எளிய பாதையில் இவ்வளவு பேர் உட்காரும் இடத்தில் புண், விரல் மரத்துப்போதல் என்று அவதிப்படுகிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அல்லது லாக் வரும்போதெல்லாம் எழுந்து மிதியுங்கள். ஹேண்டில்பாரை வேகப் பந்தய உயரத்திலிருந்து ஓரிரு செ.மீ. உயர்த்துங்கள். புது சீட்டை இந்தப் பயணத்தில் பரிசோதிக்காதீர்கள்.

மூட்டையோடு காய்ந்த பாதையில் மணிக்கு 16–19 கி.மீ. கிடைக்கும். ஈரத்தில் 10–12. பூங்காவின் வேக வரம்பு 15 மைல், அதாவது 24 கி.மீ. அதைத் தாண்ட நினைத்தாலும் முடியாது. இந்தக் கணக்கில் நான்கு நாள் நிதானமானது. ஜார்ஜ்டவுனிலிருந்து பிரன்ஸ்விக் 55 மைல், பிரன்ஸ்விக்கிலிருந்து வில்லியம்ஸ்போர்ட் 45, அங்கிருந்து லிட்டில் ஓர்லியன்ஸ் 41, கடைசி நாள் கம்பர்லாண்டு 44. ஓரத்தில் மைல் கம்பங்கள் இருப்பதால் வழி தவற வாய்ப்பே இல்லை, ஜிபிஎஸ் வீட்டிலேயே இருக்கலாம்.

மேற்குப் பகுதியின் சேற்றுக்கு ஒரு மாற்று உண்டு, பலருக்குத் தெரியாது. ஃபோர்ட் ஃபிரெட்ரிக் அருகே பிக் பூலில் தொடங்கி லிட்டில் ஓர்லியன்ஸ் வரை வெஸ்டர்ன் மேரிலாண்டு ரயில் பாதை கால்வாய்க்கு இணையாகவே ஓடுகிறது, சுமார் 28 மைல், தார் போட்டது. நடுவில் வௌவால்கள் வாழும் இண்டிகோ சுரங்கத்தை ஒட்டிய துண்டுக்கு மட்டும் கரைப்பாதைக்கே திரும்ப வேண்டும். மழை பெய்திருந்தால் கௌரவம் பார்க்காமல் தார்ப்பாதைக்கு மாறிவிடுங்கள். கழுதைப் பாதையில்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் வேறு ஏதோ நிரூபிக்க வந்தவர்கள்.

தங்குவதும் தண்ணீரும்

இந்தச் சேவையில் மிகத் தாராளமான பகுதி இதுதான். ஐந்தாறு மைலுக்கு ஒன்று என்ற கணக்கில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான கூடார இடங்கள் இருக்கின்றன. முன்பதிவு இல்லை, முதலில் வந்தவருக்கு முதல் இடம், ஓர் இடத்தில் ஓர் இரவு மட்டும். மேசை, அடுப்புக்கான இரும்பு வளையம், தற்காலிகக் கழிப்பறை, அடிபம்பு, எல்லாம் உண்டு. கார் போகும் கூடாரத் தளங்களான மெக்காய்ஸ் ஃபெர்ரி, ஃபிஃப்டீன் மைல் கிரீக் போன்றவற்றுக்குத்தான் கட்டணமும் முன்பதிவும்.

அடிபம்பு என்றதும் ஊர் நினைவு வரும். தண்ணீரும் அதே மாதிரிதான்: முதலில் பழுப்பாக, இரும்பு வாசனையோடு. இருபது முறை அடித்துத் தெளிந்த பிறகு பிடியுங்கள். பரிசோதனையில் தேறாத பம்புகளின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். குளிர்காலத்தில், நவம்பர் நடு முதல் ஏப்ரல் நடு வரை, எல்லாப் பம்பும் ஓய்வில். ஆகவே அடுத்த பம்பு வேலை செய்யாது என்ற கணக்கில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். ஆளுக்கு 3 லிட்டர் கொள்ளளவும், ஆற்று நீரையும் சுத்தப்படுத்தும் ஒரு சின்ன வடிகட்டியும் போதும். வண்டியைக் கழுவவும் இந்தப் பம்பே கைகொடுக்கும். பம்பின் வேகம் குறைவு என்பது இங்கே நல்லது: பெட்ரோல் பங்க் பிரஷர் தண்ணீர் மாதிரி பேரிங்குக்குள் சேற்றைத் தள்ளாது. ஒரு பாட்டில் தண்ணீரை டெரெய்லர் மேல் ஊற்றி, பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, ஈரத்துக்கான எண்ணெயைச் செயினின் உள்பக்கம் ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு. தினமும் மாலையில் செய்யுங்கள்.

இரவில் தூக்கம் எப்படி? ஆற்றின் இருகரையிலும் சரக்கு ரயில்கள் ஓடுகின்றன. பால்ட் ஈகிள் ஐலண்டு என்ற தளம் பெயரில்தான் கழுகுத் தீவு, படுப்பதோ தண்டவாளத்தின் தலைமாட்டில். காதடைப்பான் இல்லாமல் அங்கே தங்காதீர்கள். பாவ் பாவ் சுரங்கத்தை அடுத்த நாள் காலையில் கடக்க நினைப்பவர்களுக்கு சோரல் ரிட்ஜ் வசதி.

கூடாரம் வேண்டாம் என்பவர்களுக்குக் கால்வாய் அறக்கட்டளை பழைய லாக் காவலர் வீடுகளில் சிலவற்றை வாடகைக்கு விடுகிறது. 6ஆம் எண் வீட்டில் எல்லா வசதியும் உண்டு. 22, 28 போன்றவற்றில் மின்சாரமோ குழாய்நீரோ கிடையாது. விளக்கு, தண்ணீர், படுக்கை விரிப்பு எல்லாம் சுமந்து போக வேண்டும். சைக்கிளில் வருகிறவருக்கு இது கொஞ்சம் அதிகம். பொழுது போக்க நல்லது, நெடும்பயணத்துக்கு ஹான்காக், வில்லியம்ஸ்போர்ட் ஊர்களின் சாதாரண விடுதியே மேல்.

சாப்பாடு: பிரன்ஸ்விக், பாலம் தாண்டி ஷெப்பர்ட்ஸ்டவுன், வில்லியம்ஸ்போர்ட், ஹான்காக். இவ்வளவுதான் நம்பத் தக்கவை. ஹான்காக்குக்கு அப்பால் 60 மைலுக்குக் கடை என்று எண்ணிப் போகாதீர்கள், பல இடங்களில் போனுக்குச் சிக்னலும் இருக்காது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முதல் நாளைக்குப் புளியோதரை கட்டிக்கொள்வது அறிவு. இரண்டாம் நாளுக்கு வெந்நீர் ஊற்றினால் ஊறிவிடும் அவல் உப்புமா. பூங்காவில் குப்பைத் தொட்டி வைப்பதில்லை. கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பச் சுமக்க ஒரு பை வேண்டும். பழைய வழிகாட்டிகளில் வொயிட்ஸ் ஃபெர்ரி படகில் ஆற்றைக் கடக்கலாம் என்று இருக்கும். அந்தப் படகு 2020 டிசம்பரில் நின்றது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

சுரங்கமும் நீர்ப்பாலங்களும்

155ஆம் மைலில் பாவ் பாவ் சுரங்கம். 3,118 அடி, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், செங்கல்லால் வளைவு கட்டியது. 1836இல் தொடங்கிய வேலை 1850இல்தான் முடிந்தது. உள்ளே பாதை குறுகல், ஒரு பக்கம் ஈரச் செங்கல் சுவர், மறுபக்கம் கைப்பிடிக் கட்டையும் அதற்குக் கீழே இருட்டில் கால்வாய்த் தண்ணீரும். தரையில் உள்ள பள்ளங்களில் நீர் தேங்கியிருக்கும். வண்டியிலிருந்து இறங்கித் தள்ளித்தான் போக வேண்டும், விதியும் அதுதான். ஹேண்டில்பார் விளக்கு தள்ளும்போது அங்குமிங்கும் திரும்பும், அதனால் தலையில் கட்டும் விளக்கே பயன். எதிரே வெளிச்சம் வந்தால் சுவர்ப் பக்கம் நின்று வழிவிடுங்கள். பக்கப் பைகள் அகலமாக இருந்தால் கைப்பிடியில் உரசும்.

பக்கத்து ஊருக்கும் சுரங்கத்துக்கும் பெயர் கொடுத்த பாவ் பாவ் ஒரு பழமரம். நம் சீத்தாப்பழத்தின் குடும்பம்தான். செப்டம்பரில் ஆற்றோரமெல்லாம் அதன் வாசனை. கீழே விழுந்து நசுங்கிய பழத்தில் முன்சக்கரம் வழுக்கும் என்பது சைக்கிள்காரருக்கான கூடுதல் தகவல்.

குறுக்கே வரும் ஆறுகளுக்கு மேலே கால்வாயைச் சுமந்துபோகும் பதினொரு நீர்ப்பாலங்களில் பெரியது 42ஆம் மைலில் உள்ள மோனோகசி. ஏழு வளைவு, 516 அடி. வில்லியம்ஸ்போர்ட்டின் கோனோகோசீக் பாலத்தில் 2019 முதல் மீண்டும் தண்ணீர் ஓடுகிறது. பாலங்களின் மேலும் இறங்கித் தள்ள வேண்டும் என்பது பூங்கா விதி. கற்கள் மழையில் சோப்பு மாதிரி இருக்கும் என்பதால் இந்த விதியில் குறை காண முடியாது.

மணி கட்டாயம். நடப்பவர்களைத் தாண்டும்போது முன்கூட்டியே அடிக்க வேண்டும். ஜார்ஜ்டவுனிலிருந்து கிரேட் ஃபால்ஸ் வரை வார இறுதியில் அடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். அந்த 14 மைலை விடிகாலையில் கடந்துவிடுங்கள்.

உயிரினங்களில் கரடியைவிட உண்ணிக்குத்தான் பயப்பட வேண்டும். லைம் நோய் பரப்பும் உண்ணி புல்வரிசையில் உண்டு. வண்டியை நிறுத்திப் புல்லில் உட்காராதீர்கள், இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள், நுனி மெல்லியதான இடுக்கி ஒன்று கிட்டில் இருக்கட்டும். மூன்று இலைக் கொத்தாக வரும் பாய்சன் ஐவி கரையெங்கும் படர்ந்திருக்கும். தொட்டால் ஒரு வாரம் சொறி. சாய்த்து வைத்த ஹேண்டில்பார் அதில் பட்டால் அதன் எண்ணெய் கைக்கு வரும், அதனால் வண்டியைச் செடிமேல் படுக்க வைக்காதீர்கள்.

எந்த மாதம்? செப்டம்பர் நடு முதல் அக்டோபர் இறுதி வரை. கொசு குறைவு, பம்புகள் ஓடும். ஆனால் அக்டோபர் கடைசியில் இலைகள் வேரையும் குழியையும் மூடிவிடும், அப்போது வேகம் குறைக்க வேண்டும். ஏப்ரல் இறுதியும் மே மாதமும் பூக்களுக்கு நல்லது, தரைக்கு அல்ல. ஜூலையில் மூச்சுமுட்டும் ஈரக்காற்றும் மாலை இடியும். மேற்கிலிருந்து கிழக்கே ஓட்டினால் சரிவு சாதகம் என்பார்கள். மைலுக்கு ஒரு மீட்டர் சரிவை உடல் உணராது. பிட்ஸ்பர்க்கிலிருந்து தொடங்குகிறவர்களுக்குத்தான் திசையால் லாபம் நட்டம் உண்டு, அங்கே 2,392 அடி உயரத்தில் ஆற்றுநீர் இருதிசையாகப் பிரியும் மலைமேட்டிலிருந்து கம்பர்லாண்டு வரை 24 மைலுக்கு நல்ல இறக்கம். கம்பர்லாண்டிலிருந்து மேற்கே போகிறவர்கள் அதையே ஏற்றமாக அனுபவிக்கலாம்.

ஊர் திரும்பியதும் வண்டியைக் காயவிடாமல் அன்றே கழுவுங்கள். களிமண் காய்ந்தால் செங்கல். சீட் கம்பத்தைக் கழற்றி வண்டியைத் தலைகீழாக்கினால் ஃபிரேமுக்குள் போன தண்ணீர் வடியும். ஹேண்டில் திரும்பும் மூட்டான ஹெட்செட்டின் கீழ் பேரிங்கைத் திறந்து பார்த்து, மணல் தட்டுப்பட்டால் துடைத்துப் புது கிரீஸ். பெடலின் திருகு மரையிலும் கொஞ்சம். செயின் நீட்சியை அளவுகோலால் பாருங்கள், 0.5 சதவீதம் காட்டினால் மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்தது கேசட்டின் முறை.